ராயபுரத்து வீட்டில் மூன்று அறை: ஜப்பானில் எந்தத் துறைமுக ஊரைப் போய்ப் பார்க்கலாம்?

பனைமரத்தொட்டி வீடு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ராயபுரம் பனைமரத்தொட்டிப் பக்கம் எங்கள் தாத்தா கட்டிய வீடு ஒன்று இருக்கிறது. கீழே மூன்று அறை, நடுவில் சின்ன முற்றம், மொட்டை மாடியில் தனியாக ஓர் அறை. கூரை மெட்ராஸ் டெர்ரஸ்; தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்டது. தரை முழுக்க சிவப்புக் காவி. தாத்தா ஹார்பரில் டாலி கிளார்க்காக இருந்தவர். இறங்குகிற மூட்டைகளை எண்ணி எண்ணி, வீட்டுக்கு வந்தும் படிக்கட்டை எண்ணிக்கொண்டே ஏறுவார் என்று அம்மா சொல்வார்.

போன வருஷம் அம்மா போய்விட்டார். அதிலிருந்து வீடு பூட்டிக் கிடக்கிறது. புரோக்கர்கள் வாரம் ஒரு முறை வருகிறார்கள், இடித்துவிட்டு நாலு மாடி கட்டலாம் என்கிறார்கள். பார்க்க வந்த ஒரு காண்டிராக்டர் முதல் வேலையாகக் காவித் தரையை உடைத்து டைல்ஸ் போடச் சொன்னார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சின்ன வயதில் வெயில் நேரத்தில் அந்தத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருப்பேன்.

நானும் கணவரும் பையனோடு அந்த வீட்டுக்கே குடிபோய், கீழே உள்ள மூன்று அறைகளை வெளியூர்க்காரர்கள் தங்கும் இடமாக மாற்றலாம் என்று நினைக்கிறோம். நம் பக்கத்துச் சாப்பாடு, நம் பக்கத்துக் கைவேலை, இரண்டும் அந்த வீட்டில் இருக்க வேண்டும். வடசென்னைக்கு வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் மீன் வாங்குகிறார்கள், பர்மா பஜாரை ஒரு சுற்று சுற்றுகிறார்கள், இருட்டுவதற்குள் பாலத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு ராத்திரி இங்கே தங்கிக் காலையில் கண் விழிக்கிறவர் யாரும் இல்லை.

கொழுந்தனார் ஒசாகாவில் வேலை பார்க்கிறார். அக்டோபரில் 9 நாள் அங்கே போகிறோம். அதில் 3 இரவை ஏதாவது துறைமுக ஊருக்கு ஒதுக்கலாம். பழைய கிடங்கையும் பழைய வீட்டையும் சின்ன ஓட்டலாக மாற்றி, உள்ளூர்ச் சாப்பாட்டையும் கலையையும் சேர்த்து நடத்துகிற ஊர்கள் ஜப்பானில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். எந்த ஊர்? எங்கே தங்கலாம்? போனால் எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

பவளக்காரத் தெரு எழுதியது:

ஒசாகாவில் இருந்துகொண்டு வேறு ஊரைத் தேட வேண்டாம் அக்கா, கோபே போங்கள். ரயிலில் அரை மணிதான். 1868-ல் வெளிநாட்டுக் கப்பல்களுக்குத் திறந்த துறைமுகம். எங்கள் குடும்பம் முத்து வியாபாரம் பார்த்தது, பெரியப்பா சரக்கு எடுக்க அங்கே போய் வருவார். ஜப்பான் முத்துக்குக் கோபேதான் சந்தை. முத்து வியாபாரத்துக்குப் போன நம் நாட்டு ஜைனர்கள் கிட்டானோ பகுதியில் 1985-ல் கோயிலே கட்டினார்கள். அதே பகுதியில் 1935-ல் கட்டிய பள்ளிவாசலும் இருக்கிறது. கோயிலும் பள்ளிவாசலும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில், கீழே இறங்கினால் சீனக்காரர் தெரு, அதற்கும் கீழே ஹார்பர். மண்ணடியிலிருந்து சவுகார்பேட்டைக்கு நடக்கிற மாதிரி இருக்கும்.

ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள். 1995 நிலநடுக்கத்தில் உடைந்த படகுத்துறையில் ஒரு துண்டை உடைந்தபடியே மெரிக்கன் பூங்காவில் விட்டுவைத்திருக்கிறார்கள். விளக்குக் கம்பம் சாய்ந்து நிற்கும், தண்ணீர் உள்ளே புகுந்திருக்கும். பெரியப்பா அதன் போட்டோவைப் பணப்பையில் வைத்திருந்தார்.

---

என்ஜின் ரூம் எழுதியது:

தங்கச்சி, மேலே தம்பி சொன்ன கோபே நல்ல ஊர். ஒரு பகல் போய்ப் பாருங்கள். ஆனால் அது பெரிய ஊர், அங்கே பணம் பெரிதாக விளையாடும். உங்கள் கையில் இருப்பது மூன்று அறை. மூன்று அறை வைத்திருப்பவர் பார்க்க வேண்டிய ஊர் ஒனோமிச்சி. மூன்று இரவையும் அங்கேயே வையுங்கள்.

நான் இப்ராஹிம் சாகிப் தெருவில் பிறந்தவன். 27 வருஷம் கப்பலில் இருந்து, சீஃப் என்ஜினியராக இறங்கினேன். 2016-ல் எங்கள் கப்பல் டிரைடாக்குக்காக, அதாவது தண்ணீரை வடித்துவிட்டு அடிப்பகுதியைப் பழுதுபார்க்க, இன்னோஷிமா தீவில் 19 நாள் நின்றது. அந்தத் தீவு இப்போது ஒனோமிச்சி நகராட்சியோடு சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. பாலத்தின் மேல் போகிற பஸ்ஸைப் பிடித்து ஒனோமிச்சியில் இறங்கினேன். இறங்கியதும் நெஞ்சு லேசாக அடைத்தது. மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம், அதில் ரயில் பாதை, ஒரு நீளமான கடைத்தெரு, கடைத்தெரு முடிந்தால் கடல். கடல் என்றாலும் நம் வங்காள விரிகுடா மாதிரி இல்லை, ஆறு போல ஒடுங்கியது. எதிர்க்கரையில் முகாய்ஷிமா என்ற தீவு, அதில் கப்பல் பட்டறைகளின் கிரேன். அக்கரைக்கு ஃபெர்ரி ஐந்து நிமிஷத்தில் போய்விடும். சைக்கிளோடு பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறி இறங்குகிறார்கள். வெல்டிங் வாசனையும் மீன் வாசனையும் ஒரே காற்றில் வந்தது. வீட்டுக்குப் போன் போட்டு, ராயபுரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன் என்று சொன்னேன்.

ஊரின் கதை தெரிந்தால்தான் ஓட்டல்களும் புரியும். 1169-லேயே அது துறைமுகம். உள்நாட்டு நிலங்களில் வரியாக வாங்கிய அரிசியை அங்கிருந்து கப்பலில் ஏற்றினார்கள். பிற்காலத்தில் வடக்குக் கடலிலிருந்து அரிசியும் மீனும் கடற்பாசியும் ஏற்றிவந்த பாய்மரக் கப்பல்கள் அங்கே நின்றன. வியாபாரிகள் சம்பாதித்து மலை முழுக்கக் கோயில் கட்டினார்கள். 1582-ல் தொடங்கிய வினிகர் பட்டறை ஒன்று இன்றும் நடக்கிறது. மலைச்சரிவில் வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்கும். வழியெல்லாம் கல்படி, கார் போகாது. வயதானவர்கள் ஏற முடியாமல் இறங்கிப் போனார்கள், பிள்ளைகள் டோக்கியோவுக்குப் போனார்கள், வீடுகள் பூட்டிக்கொண்டன. உங்கள் வீடு மாதிரியே.

2019 நவம்பரில் மனைவியைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். அப்போது தங்கிய இடங்களைச் சொல்கிறேன்.

முதலில் 'யு-2'. 1943-ல் கடற்கரையில் கட்டிய அரசுக் கிடங்கு. 2014-ல் அதை உடைக்காமல் உள்ளே 28 அறை ஓட்டலாக்கினார்கள். பெயரைக் கேளுங்கள்: உவாயா நம்பர் 2, அதைச் சுருக்கினால் யு-2. உவாயா என்றால் நம் ஹார்பரில் டிரான்சிட் ஷெட் என்போமே, அதேதான். கப்பலிலிருந்து இறக்கிய சரக்கை வெளியே அனுப்பும் வரை வைத்திருக்கும் கொட்டகை. உங்கள் தாத்தா பென்சிலும் டாலி ஷீட்டுமாக நின்ற மாதிரி இடம். அந்த ஓட்டலுக்கு வேறு அழகான பெயர் எதுவும் தேவைப்படவில்லை. உள்ளே போனால் மேலே கிடங்கின் கூரை அப்படியே தெரிகிறது, அதற்குக் கீழே மரத்திலும் இரும்பிலும் சின்னச் சின்ன வீடுகள் வைத்த மாதிரி அறைகள். இரும்பு வேலை கப்பல் பட்டறையை நினைவுபடுத்தியது. வெல்டிங் தையலை விரலால் தடவிப் பார்த்தேன், சுத்தமான வேலை.

சைக்கிளை அறைக்குள்ளேயே கொண்டுபோய்ச் சுவரில் மாட்டலாம். ஏன் என்றால் ஒனோமிச்சியிலிருந்து இமாபாரி வரை தீவு தீவாகப் பாலங்களின் மேல் சுமார் 70 கிலோமீட்டர் சைக்கிள் பாதை போகிறது. ஊருக்கு எதற்காக ஆள் வருகிறார்களோ அதற்கு அறை செய்திருக்கிறார்கள். நம் ஊருக்கு எதற்காக ஆள் வருவார் என்பதை முதலில் யோசியுங்கள். மீனுக்கு வருகிறவர் கையில் ஈரம், காலில் சேறு. வாசலில் குழாயும் கல்லும் வேண்டும்.

அந்தக் கிடங்கிலேயே ஒரு ரொட்டிக்கடை, சாப்பாட்டுக்கடை, காபிக்கடை. காலையில் ரொட்டிக்கடையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பாட்டிகள், யூனிஃபார்மில் ஒரு பையன், ரயிலைப் பிடிக்க ஓடுகிற ஒரு பெண். ஓட்டலில் தங்கியவன் நான் ஒருவன்தான். தங்கச்சி, நீங்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டீர்கள் அல்லவா? இதைப் பாருங்கள். அந்தக் கதவு வழியாக ஊர்க்காரர் வருகிறாரா?

இதற்கு நேர் எதிரான ஓட்டலிலும் தங்கியிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். வேறு ஒரு பெரிய துறைமுக நகரம், பெயர் வேண்டாம். நடையெல்லாம் மீன்வலை தொங்கவிட்டிருந்தார்கள், புத்தம் புது வலை, ஒரு நாள்கூட நனையாதது. காலை உணவுக்கு எந்த ஊரிலும் கிடைக்கும் முட்டைப் பொரியலும் சாசேஜும். வேலைக்கு இருந்த பையனிடம் மீன் சந்தை எந்தப் பக்கம் என்று கேட்டேன், அவனுக்குத் தெரியவில்லை. அவன் மேல் தப்பில்லை. அவனை யாரும் அங்கே கூட்டிப்போகவில்லை.

இரண்டாவது இடம் 'லாக்'. இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். மலைச்சரிவில் பாதி உயரத்தில், 1963-ல் குடும்பங்களுக்காகக் கட்டிய சாதாரண அடுக்குமாடிக் கட்டடம். நம் ஹவுசிங் போர்டு குடியிருப்பைப் பார்த்தவருக்கு அது அந்நியமாகத் தெரியாது. அதை மாற்றிக் கட்டியவர் யார் தெரியுமா? நம் நாட்டுக்காரர். ஸ்டுடியோ மும்பை என்ற கட்டடக்கலை நிறுவனத்தின் பிஜோய் ஜெயின். 2018 டிசம்பரில் திறந்தது. இத்தனை வருஷத்தில் என் மனைவி கண்ணில் அப்படி ஒரு பெருமையை நான் பார்த்ததில்லை. ஜப்பான்காரர்கள் தங்கள் பழைய வீட்டை நம் ஆள் கையில் கொடுத்திருக்கிறார்கள், அவரும் உடைக்காமல் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

தங்கும் அறை மொத்தமே ஆறு. தரை, சுவர், கூரை எல்லாம் கையால் செய்த வாஷி என்ற ஜப்பானியத் தாள் ஒட்டியது. தாள் மேல் நடப்பதா என்று மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு சாக்ஸைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கால் வைத்தாள். கோரைப்பாய்க்கும் மெழுகிய மண் தரைக்கும் நடுவில் ஒரு பதம். சத்தம் இல்லை. காலையில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அறை தானாகவே விடிந்த மாதிரி இருந்தது. அங்கே கலை என்பது சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய படம் அல்ல. நாம் மிதிக்கிற தரை, சாய்கிற சுவர். தாள் செய்கிற கைக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள், அதுதான் அங்கே கலை. உங்கள் காவித் தரையை நினைத்துப் பாருங்கள். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கிய கொத்தனார் யார் என்று விசாரியுங்கள். அவர் இல்லையென்றால் அவர் மகன் இருப்பார்.

ஒன்று, கார் போகாது. கல்படி நூறு போல ஏற வேண்டும், பெட்டியைச் சின்னதாக எடுத்துப் போங்கள். தங்காதவர்களும் அங்கே போய்க் காபி குடிக்கலாம். பணம் கூடுதலாகத் தோன்றினால் ஒரு மாலை அப்படிப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாலும் போதும்.

மூன்றாவதாக, இளைஞர்கள் தங்குகிற மலிவான இடம் ஒன்று கடைத்தெருவிலேயே இருக்கிறது. பெயர் 'அனகோ நோ நெதோகோ'. முகப்பு குறுகி, உள்ளே சுமார் 40 மீட்டர் நீளத்துக்குப் போகிற பழைய வீடு. நம் தம்பு செட்டித் தெருவில் அந்தக் காலத்து வீடுகள் ரயில் பெட்டி மாதிரி ஓடுமே, அப்படி. ஜப்பானில் அந்த மாதிரி வீட்டை 'விலாங்கின் படுக்கை' என்பார்கள். ஒனோமிச்சியில் கடல் விலாங்கு விசேஷம், அதற்கு அனகோ என்று பெயர். அதனால் 'கடல் விலாங்கின் படுக்கை' என்று வைத்துவிட்டார்கள். மலைமேல் பூட்டிக் கிடக்கும் வீடுகளைச் சரிசெய்து ஆள் குடியேற்றுகிற உள்ளூர் அமைப்பு ஒன்று, 2008-ல் முறையாகப் பதிவானது, அவர்கள்தான் 2012-ல் இதைத் திறந்தார்கள். நான் அங்கே தங்கவில்லை, பின்கட்டு வரை நடந்து பார்த்தேன். கதவு ஒரு வீட்டுடையது, ஜன்னல் இன்னொரு வீட்டுடையது, பெஞ்சு எங்கிருந்தோ வந்தது. எல்லாம் பழசு, எல்லாம் துடைத்துச் சுத்தமாக இருந்தது. உங்களுக்கு முதல் இரவு இங்கேதான்.

சாப்பாடு. ஒனோமிச்சி ராமென் குடிக்காமல் வராதீர்கள். சோயா சாறு, தட்டை நூடுல்ஸ், மேலே பன்றிக் கொழுப்புத் துணுக்குகள் மிதக்கும். உங்களுக்குப் பன்றி ஆகாதென்றால் வேறு கடை பாருங்கள். அந்தச் சாற்றின் அடியில் ஒரு ருசி இருக்கிறது, நாக்குக்குத் தெரிந்த ருசி. மூன்றாவது வாயில்தான் பிடிபட்டது. நெத்திலிக் கருவாடு! உள்கடலில் பிடிக்கிற சின்ன மீனை வேகவைத்துக் காயவைத்து, அதைச் சாற்றில் போடுகிறார்கள். இரிக்கோ என்று பெயர், நம் நெத்திலியின் இனம். அம்மா நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைக்கும் நாளில் தெருமுனையிலேயே தெரியும். இருபது நாடு சுற்றியும் அந்த வாசனையை மதித்து முன்னால் வைக்கிற ஊரை அங்கேதான் பார்த்தேன். நம்மில் எத்தனை பேர் விருந்தாளி வந்தால் கருவாட்டை மறைத்துவிட்டுக் கோழி வாங்க ஓடுகிறோம்?

நேரம் இருந்தால் படகில் 40 நிமிஷம் போய் செத்தோதா. எலுமிச்சைத் தீவு. உப்பும் கப்பலும் வைத்து வாழ்ந்த ஒரு வியாபாரிக் குடும்பத்தின் வீட்டை 2021-ல் 22 அறை ஓட்டலாக்கி, அசுமி செத்தோதா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விலை மிக அதிகம். ஆனால் அதன் எதிரிலேயே பொதுக் குளியலறை ஒன்றும் கட்டியிருக்கிறார்கள், ஊர்க்காரர்களும் அங்கே குளிக்கலாம். இது நான் போன பிறகு வந்தது. கூட வேலை பார்த்த நண்பர் குளித்துவிட்டு வந்து சொன்னார், அவர் பக்கத்தில் எலுமிச்சைத் தோட்டக்காரர் உட்கார்ந்திருந்தாராம்.

நிறைய எழுதிவிட்டேன். ஷின்-ஒசாகாவிலிருந்து புல்லட் ரயிலில் ஃபுக்குயாமா ஒரு மணி நேரம் போல, அங்கிருந்து சாதா ரயிலில் 20 நிமிஷம். கேள்வி இருந்தால் கேளுங்கள்.

---

காசிமேடு தூரிகை எழுதியது:

என்ஜின் ரூம் அண்ணா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நான் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன், அப்பா விசைப்படகில் போகிறவர்.

அக்கா, நம் பக்கத்துக் கைவேலை என்று ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். எது என்று நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்று தோன்றுகிறது. நான் சொல்லட்டுமா? படகுக்குப் பெயர் எழுதுகிறவர்கள். ஃபைபர் படகின் மூக்கில் வளைந்த இடத்தில், அளவுகோல் இல்லாமல், நின்ற நிலையில் 'அன்னை வேளாங்கண்ணி' என்று ஒரே மூச்சில் எழுதுவார்கள். எழுத்துக்கு நிழல் கொடுப்பது, எழுத்தின் ஓரத்தில் மீனோ பூவோ போடுவது, ஒவ்வொருவருக்கும் ஒரு கை. எழுத்தைப் பார்த்தே யார் எழுதியது என்று அப்பா சொல்லிவிடுவார். ஸ்டிக்கர் வந்த பிறகு அவர்களில் பாதிப் பேர் பெயின்ட் கடை வேலைக்குப் போய்விட்டார்கள். உங்கள் வீட்டு அறைகளுக்கு எண் போட வேண்டாம், பெயர் எழுதுங்கள், அவர்களைக் கொண்டு எழுதுங்கள். படகுக்கு என்ன கூலியோ அதை விடக் குறைக்காதீர்கள். "உங்களுக்கு விளம்பரம் ஆகும் அண்ணே" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும்.

அப்புறம் இன்னொன்று, இது மனத்தில் இருப்பதைச் சொல்கிறேன். விடிகாலையில் ஏலம் நடக்கிற இடத்துக்கு விருந்தாளிகளைக் கேமராவோடு கூட்டிவராதீர்கள். என் அம்மா 22 வருஷம் அந்தத் தரையில் கூடை வைத்து உட்கார்ந்தவர். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, ஐஸ் தண்ணீரில் கை விறைத்து, விலை பேசிக்கொண்டிருக்கிற நேரத்தில் முகத்துக்கு நேராகக் கேமரா வந்தால் எப்படி இருக்கும்? விருந்தாளிகள் அவர்களிடம் மீன் வாங்கட்டும். வாங்குகிறவரை யாரும் வெறுக்கமாட்டார்கள். சங்கரா எது, கிழங்கான் எது என்று கேட்டால் அம்மாவே அரை மணி நேரம் சொல்வார்.

---

என்ஜின் ரூம் எழுதியது:

தூரிகைத் தங்கச்சி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன், இதைப் படித்ததும்தான் நினைவு வந்தது. ஒனோமிச்சியில் 2013-ல் ஒரு வேலை தொடங்கினார்கள். ஊரில் உள்ள மீனவர், தச்சர், விவசாயி இப்படிப் பல தொழில்காரர்களுக்குப் புது ஜீன்ஸ் கொடுத்து ஒரு வருஷம் வேலைக்குப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அந்தப் பக்கம் டெனிம் நெசவுக்குப் பேர்போன இடம். ஒரு வருஷம் கழித்து அந்த ஜீன்ஸைத் துவைத்து, இது இன்ன வேலை செய்தவர் போட்டது என்று கடையில் விற்றார்கள். முட்டி தேய்ந்தது தச்சருடையது, ஒரு பக்கப் பை வெளுத்தது வேறொருவருடையது. நான் அந்தக் கடையில் ஒரு மீனவருடையதை எடுத்து முகர்ந்தே பார்த்தேன், சோப்பு வாசனைதான் வந்தது. உழைத்த உடம்பின் அடையாளத்தையே அழகு என்று வைத்தார்கள். யாருடைய முகத்துக்கும் கேமராவை நீட்ட வேண்டியிருக்கவில்லை.

---

அத்தோ வண்டி எழுதியது:

சாப்பாட்டைப் பற்றி ஒரே ஒரு கருத்து. எல்லாவற்றையும் நீங்களே வீட்டில் சமைக்க முயற்சி செய்யாதீர்கள் மேடம். எங்கள் தாத்தா ரங்கூனிலிருந்து வந்தவர், நாங்கள் மூன்று தலைமுறையாக பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் போடுகிறோம். நூடுல்ஸும் முட்டைக்கோஸும் பொரித்த வெங்காயமும் பூண்டு எண்ணெயும் புளித் தண்ணீரும் கையால் பிசைந்து, அந்த நிமிஷமே சாப்பிட வேண்டும். பார்சல் கட்டி உங்கள் வீட்டு மேஜைக்கு வந்தால் அது வேறு பண்டம். வாழைத்தண்டு சூப்பைக் கொதிக்கக் கொதிக்க வண்டிப் பக்கத்தில் நின்றுதான் குடிக்க வேண்டும். சாயந்திரம் ஆறு மணிக்கு விருந்தாளியை எங்களிடம் நடத்திக் கூட்டிவாருங்கள். வீட்டில் காலையில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், மதியம் அன்று கிடைத்த மீன், அது போதும். அண்ணன் சொன்ன நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை வாரத்தில் ஒரு நாள் வையுங்கள், நானே வந்து காசு கொடுத்துச் சாப்பிடுகிறேன்.

---

கல்மண்டபம் கணக்கர் எழுதியது:

சட்டப் பக்கம் சுருக்கமாக. மத்தியச் சுற்றுலாத் துறையின் படுக்கை-காலை உணவுத் திட்டத்தில் 1 முதல் 6 அறை வரை பதியலாம், ஆனால் உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். நீங்கள் குடிபோவதாக எழுதியிருப்பதால் அது பொருந்தும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரப் படிவத்தை (பழைய பெயர் 'சி' படிவம்) ஆன்லைனில் அனுப்ப வேண்டும், ஒரே ஒரு ராத்திரி தங்கினாலும். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஜப்பானிலும் வீட்டில் ஆள் தங்கவைக்க 2018-ல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் பதிந்தால் வருஷத்துக்கு 180 நாள்தான் விடலாம். கூரையின் தேக்கு உத்தரத்தில் கரையான் இருக்கிறதா என்று சுவரில் கை வைக்கும் முன் பார்த்துவிடுங்கள். நுனி சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில்தான் முதலில் போகும்.

---

பனைமரத்தொட்டி வீடு எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று ராத்திரி கணவரிடம் இந்த முழு உரையாடலையும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். டிரான்சிட் ஷெட் என்று வந்த இடத்தில் என்னால் தொடர முடியவில்லை, அவர் வாங்கிப் படித்தார்.

ஒனோமிச்சி என்று முடிவு செய்துவிட்டோம். முதல் இரவு கடல் விலாங்கின் படுக்கை, இரண்டாவது யு-2, மூன்றாவது லாக். மூன்றாவதன் விலையைப் பார்த்துத் தயங்கினோம். பையன்தான், தாள் தரையில் படுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறான். கோபேவுக்கு ஒரு பகல். உடைந்த படகுத்துறையைப் பார்க்காமல் வரமாட்டோம், பவளக்காரத் தெருத் தம்பி.

இன்று காலை வீட்டைத் திறந்து எல்லா உத்தரத்தையும் தட்டிப் பார்த்தோம். கணக்கர் சார் சொன்ன மாதிரியே முற்றத்துக்கு மேற்கில் ஒன்று, சுவருக்குள் போகும் இடத்தில் பொத்தலாக இருக்கிறது. மற்றவை கெட்டி. மாடிப் பெட்டியில் தாத்தாவின் டாலி ஷீட்டுகள் ஒரு கட்டு கிடைத்தன. ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு, ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுத்திருக்கிறார். பக்கம் பக்கமாக அந்தக் கோடுகள்தான். முன்னறைச் சுவரில் அதை அப்படியே பெரிதாக எழுதினால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. தூரிகைத் தங்கச்சி, படகுக்குப் பெயர் எழுதுகிறவர் யாரையாவது கேட்க முடியுமா? கூலி அவர் சொல்வதுதான்.

என்ஜின் ரூம் அண்ணா, ஒரு கேள்வி: எதிர்க்கரைத் தீவுக்கு ஃபெர்ரியில் போனால் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

---

காசிமேடு தூரிகை எழுதியது:

கேட்டுவிட்டேன் அக்கா. அப்பாவின் படகுக்கு எழுதியவர், எனக்கு மாமா முறை. கோடு மட்டும் எழுத எதற்கு என்னைக் கூப்பிடுகிறாய் என்று முதலில் கேட்டார். டாலி ஷீட் என்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருடைய அப்பாவும் ஹார்பரில் மூட்டை தூக்கியவராம். அந்தக் கோட்டில் ஒன்று எங்கப்பா தூக்கினதா இருக்கும் என்றார். ஞாயிற்றுக்கிழமை சுவரைப் பார்க்க வருகிறார். சுண்ணாம்புச் சுவர் என்றால் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்துவிட வேண்டாம், அப்படியே விட்டு வையுங்கள் என்று சொல்லச் சொன்னார்.

---

என்ஜின் ரூம் எழுதியது:

முகாய்ஷிமாவில் பாய்மரத் துணி நெய்கிற பட்டறை இருக்கிறது, கெட்டியான கித்தான் துணி. ஒரு காலத்தில் கப்பலுக்குப் போனது, இப்போது பை தைக்கிறார்கள். என் மனைவி வாங்கிய பையில்தான் ஐந்து வருஷமாகக் காசிமேட்டிலிருந்து மீன் வருகிறது, தையல் ஓர் இடத்திலும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சுவர் பார்க்கும் நேரத்துக்கு நானும் வரலாமா? அந்தப் பொத்தல் உத்தரத்தைப் பார்க்க வேண்டும். கப்பலில் பழைய மரத்தை நுனி மட்டும் வெட்டிப் புதுத் துண்டு இணைப்போம். முழு உத்தரத்தையும் எடுக்க வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன். உளியும் டார்ச்சும் கொண்டுவருகிறேன்.